ஜொகூர்க் கடைத்தெருவில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

பாத்திர வியாபார விஷயமாக நான் சிங்கப்பூருக்குக் கப்பலேறப் போகிறேன் என்று தெரிந்ததும், என் அக்கா இன்னொரு வேலையையும் என் தலையில் கட்டிவிட்டாள். ஜொகூர் பாருவில் ரயில்வே சரக்குக் கிட்டங்கியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் சண்முகம் என்ற பையனுக்கு அவள் மகள் சிவகாமியைக் கேட்டிருந்தார்கள். பையனின் சித்தப்பா எங்கள் நாகப்பட்டினத்திலேயே இருப்பவர். அவர் வாயைத் திறந்தால் பையனைப் பற்றித் தேனாக ஒழுகும்.

"இவ்வளவு தேன் ஒழுகுற இடத்துல எறும்பு இருக்கான்னு நேர்ல பாத்துட்டு வந்துடு, தம்பி" என்றாள் அக்கா.

அத்தான் காலமாகிவிட்டார். சிவகாமிக்குத் தாய்மாமனும் நான்தான், தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவனும் நான்தான். சிங்கப்பூர் வேலை முடிந்த மறுநாள், ஒரு வியாழக்கிழமை, ஜொகூருக்குப் புறப்பட்டேன்.

சிங்கப்பூரில் ஓடும் சின்ன மோட்டார் பஸ்ஸுக்குக் கொசு பஸ் என்று பெயர். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேரும் இரண்டு கோழிக் கூடைகளும் இருந்தோம். தீவின் விளிம்புக்கு வந்ததும் கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட நீளமான பாலம். தம்பாக் என்கிறார்கள் மலாய்க்காரர்கள். ஒரு பக்கம் தண்டவாளம், மறு பக்கம் சாலை. இரண்டு பக்கமும் கடல், ஆனால் அலை என்பதே இல்லை. நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்துப் பழகியவனுக்கு இது ஏதோ பெரிய ஏரிபோலத்தான் தோன்றியது.

ஜொகூர்க் கரைக்குச் சற்று முன்னால் பாலத்தின் ஒரு துண்டு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த வழியாகக் கட்டைக் கப்பல்கள் போகும். எங்கள் நேரம், அது தூக்கியிருந்தது. கப்பல் நகர்ந்து, பாலம் இறங்கி, வழி திறந்தபோது எங்கள் பஸ்ஸின் இன்ஜின் உயிர்பெற மறுத்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளுகிற மும்முரத்தில் ஒரு காற்று வந்து என் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போட்டது. அது அவிழ்ந்து, நீளமாக, ஏதோ யாத்திரை கிளம்பியதுபோல நிதானமாக மிதந்து போயிற்று. கோழிக் கூடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவன் வெறுந்தலையோடு ஜொகூர் ராஜ்ஜியத்துக்குள் நுழைந்தேன்.

நான் தங்கிய இடம் ரயில் நிலையத்துக்கும் செகெட் ஆற்றுக்கும் நடுவிலுள்ள கடைவீதி. ஆறு என்றால் நம் ஊர் வாய்க்கால் அளவுதான். கடல் ஏறும்போது நிறைந்து, இறங்கும்போது சேற்றைக் காட்டும். அதன் இரு கரையிலும் நெருக்கிக் கட்டிய மாடிக் கடைகள். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை விட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் இதை அஞ்சடி என்கிறார்கள். வெயிலானாலும் மழையானாலும் ஊரின் பாதி வாழ்க்கை அந்த அஞ்சடியில்தான் நடக்கிறது. ஒருவன் செருப்புத் தைக்கிறான், ஒருவன் பல் பிடுங்குகிறான், ஒரு சீனக் கிழவர் பறவைக் கூண்டைத் துடைக்கிறார், ஒரு மலாய்ப் பெண் வாழையிலையில் பொட்டலம் கட்டிய சோற்றை விற்கிறாள்.

அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே மிளகாய் அரைத்து வதக்கிய சம்பால், பொரித்த நெத்திலி. நாசி லெமாக் என்று பெயர். முதல் கவளத்தில், நம் ஊர்த் தேங்காய்ச் சோறுதானே என்று நினைத்தேன். இரண்டாவது கவளத்தில் சம்பால் நாக்கைப் பிடித்தது. மூன்றாவது கவளத்துக்குப் பிறகு இன்னொரு பொட்டலம் கேட்டேன்.

கடைகளின் பெயர்ப்பலகையில் சீன எழுத்து, அதற்குப் பக்கத்தில் அரபு எழுத்தில் எழுதிய மலாய். நாகூரில் பார்த்துப் பழகிய எழுத்து என்பதால் அது மட்டும் எனக்கு அந்நியமாக இல்லை. மாரியம்மன் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் சீனக் கோயில் ஊதுவத்திப் புகையும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கடைக்காரர்களில் பெரும்பாலானோர் தியோச்சூ சீனர்கள். பணம் போட்டுவைக்கும் பாங்கியின் கதவருகே கயிற்றுக் கட்டில் போட்டு ஒரு சீக்கியக் காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசுவது உடைந்த மலாயில்தான். முந்தைய பயணங்களில் பேரம் பேசிப் பழகியதால் அந்த உடைந்த மலாய் எனக்கும் கொஞ்சம் உண்டு.

தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே எனக்கு அறை கிடைத்தது. யாராவது கேட்டால், பாத்திரக் கடை போட இடம் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்வதாகத் திட்டம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இந்த ராஜ்ஜியத்தில் வெள்ளிதான் விடுமுறை. சர்க்கார் கச்சேரிகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. ரயில்வேக்கு மட்டும் கோலாலம்பூர்க் கணக்குப்படி ஞாயிறுதான் விடுமுறை என்பதால் அங்கே வேலை உண்டு. ஆகவே பையன் கிட்டங்கியில் இருப்பான். ஊரில் அவனைப் பற்றிக் கேட்க இதுவே நல்ல நேரம் என்று முகம் மழிக்கிற சாக்கில் குப்புசாமி என்பவரின் கடையில் போய் உட்கார்ந்தேன். தமிழுக்கு நடுவே மலாய்க்காரர்போல லாவும் அலமாக்கும் போட்டுப் பேசுகிறவர்.

சோப்பு நுரை பூசும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு, "இங்கே ரயில்வேயில் சண்முகம்னு ஒரு கிராணி இருக்காராமே, எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன்.

"சண்முகமா? தங்கமான ஆளு லா. குடி கிடையாது, சூது கிடையாது. சம்பளம் வாங்கினா நேரா வீட்டுக்குத்தான் போவாரு. பிள்ளை மேல அவ்வளவு உசுரு."

"எந்தப் பிள்ளை?"

"அவரு பொண்ணுதான்."

நான் திரும்பிய வேகத்தில் கத்தி கன்னத்தைக் கீறியது. குப்புசாமி பதறிப்போய்ப் படிகாரக் கல்லைத் தேடினார். "அலமாக்! ஆடாம இருங்கய்யா!"

கன்னத்தில் படிகாரத்தோடு வெளியே வந்தேன். கோப்பிக்கடையில் சண்முகத்தின் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரச் சீனரை எல்லோரும் தவுக்கே என்று அழைக்கிறார்கள். அவர் கரண்டியால் ஆற்றங்கரைப் பக்கம் காட்டி, மலாயில், "நீலக் கதவு. பெண் குழந்தை வாசலில் விளையாடும்" என்றார். ஊருக்கே தெரிந்த பெண் குழந்தை, அந்தச் சித்தப்பாவுக்கு மட்டும் தெரியாதா? போகிற வழியெல்லாம் மனத்துக்குள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே போனேன்.

நீலக் கதவு வீட்டு வாசலில் நாலு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, இரட்டைச் சடை, காலில் கொலுசு. நிமிர்ந்து பார்த்தாள். சீன முகம். அசல் சீன முகம்.

"யாரு வேணும்?" என்று கேட்டாள் தமிழில்.

சண்முகம் வீடுதானே என்று கேட்டேன். அவள் பக்கத்து வீட்டைப் பார்த்து மலாயில் ஏதோ கூவினாள். பிறகு குருணையை விட்டுத் தள்ளிப்போன கோழியைச் சீன மொழியில் அதட்டினாள். கோழிக்கு அந்த மொழிதான் புரியும்போல, திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மலாய் அம்மாள் கையைத் துடைத்தபடி வந்தாள். மினா என்று பெயர். கிராணி வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் குழந்தை அவள் பொறுப்பு என்பது பின்னால் தெரிந்தது. "அப்பா கிட்டங்கிக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வருவாங்க" என்றாள் சிறுமி.

அந்த "அப்பா" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சீனப் பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டு எங்கள் வீட்டில் பெண் கேட்கிறானா? இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருப்பதில்லை என்று பெட்டியை எடுக்கத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் மழைக்குத் தூறல் என்ற முன்னுரை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கொட்டும். கோப்பிக்கடைக்குள் ஒதுங்கினேன்.

தவுக்கே கேட்காமலே ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தார். இங்கே கொட்டையை வெண்ணெயும் சீனியும் போட்டுக் கருக வறுக்கிறார்கள். கனத்த பீங்கான் கோப்பையில் தார்போல இருக்கும். தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிறார்கள். கோபத்தில் இருந்த எனக்கு அது மருந்துபோல இறங்கியது. கரியில் வாட்டிய ரொட்டியும் வந்தது. கோபத்தோடேயே அதையும் தின்றேன்.

மழை விடுவதற்கு முன்பே, குடையிருந்தும் முழங்கால்வரை நனைந்த ஒரு இளைஞர் உள்ளே வந்து நேராக என் மேஜையருகில் நின்றார். மாநிறம், நெடிய உருவம், காதில் பென்சில்.

"நாகப்பட்டினத்து ஐயாதானே? நான் சண்முகம்."

"எப்படித் தெரியும்?"

"பாலத்துல தலைப்பாகையை விட்டவரு ஒருத்தர் பாத்திரக் கடைக்கு இடம் பாக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு இடத்தையும் பாக்காம என்னையே கேட்டுட்டுத் திரியறார்னு காலையிலேயே சொன்னாங்க. அப்புறம் மினா அக்கா ஆள் அனுப்பினாங்க, வீட்டுக்கு வந்து கோபமா திரும்பிட்டீங்கன்னு. நான் லீவு சொல்லிட்டு ஓடி வர்றேன்."

"கோபப்படாமல் என்ன செய்வது? அந்தக் குழந்தையின் தாய் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்தார். "அப்போ சித்தப்பா ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒன்றும் சொல்லவில்லை."

காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார். அவருடைய அக்கா விதவையாகி இவரோடு வந்து இருந்தவள். பிள்ளை இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு சீனர் வீட்டில் ஐந்தாவதாகவும் பெண் பிறந்தது. பிறந்த அன்றே அந்த வீட்டுக் கிழவர் இறந்துபோனார். இந்தக் குழந்தை வீட்டுக்கு ஆகாது, வெளியே கொடுத்துவிடுங்கள் என்று குறி சொல்பவன் சொல்லிவிட்டான். அக்கா போய் வாங்கி வந்தாள். ஆகாத பிள்ளை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே பாக்கியம் என்று பெயர் வைத்தாள். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

"அக்காவை எரிச்சுட்டு வீட்டுக்கு வந்தப்போ, மினா அக்கா மடியில இருந்து பிள்ளை இறங்கி என் காலைக் கட்டிக்கிட்டு அப்பான்னுச்சு. அதுவரைக்கும் மாமான்னுதான் கூப்பிடும். யாரும் சொல்லிக் கொடுக்கல."

வெளியே மழை ஓய்ந்து அஞ்சடியில் ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

"எல்லாத்தையும் சொல்லித்தான் பொண்ணு கேக்கச் சொன்னேன், ஐயா. சித்தப்பா சொல்லலைன்னா தப்பு எங்க பக்கம்தான். என் பொண்ணு இல்லாத வீட்டுக்கு நான் வரமுடியாது. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. வருத்தப்பட மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "வருத்தப்படுவேன். கோபப்பட மாட்டேன்."

அந்தத் திருத்தத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஆனால் பிடித்துப் போவது நான். வாழப்போவது சிவகாமி. எங்கள் சாதிசனம் என்ன சொல்லும், அக்கா எப்படி அழுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாளை மாலை புறப்படுகிறேன், யோசிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கன்னத்துக் கீறலைப் பார்க்க வந்த சாக்கில் குப்புசாமி என் அறைக்கு வந்தார்.

"பொண்ணு எப்படிங்கய்யா?"

"எந்தப் பொண்ணு?"

"உங்க தங்கச்சி மவளோ, அக்கா மவளோ. கோபக்காரியா? வாய் நீளமா? பாக்கியம் நாங்க எல்லாம் பாத்து வளர்ந்த பிள்ளை. நல்லவங்க கையில போகணும், அதான் கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பிக்கடைக்கு இறங்கினால், தவுக்கே ரொட்டியை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தம்பி தங்கை உண்டா, தூக்கி வளர்த்திருக்கிறாளா என்று மலாயில் கேட்டார். பாங்கியைக் கடந்தபோது சீக்கியக் காவல்காரர் கட்டிலிலிருந்து எழுந்துவந்து, பெண்ணுக்கு உடம்பு திடமா, இந்த ஊர் மழை தாங்குமா என்று விசாரித்தார். மாப்பிள்ளையை விசாரிக்க வந்தவனை அந்தக் கடைவீதியே விசாரித்தது. எறும்பைத் தேடி வந்த நான், அவர்கள் ஒவ்வொருவரிடமும் சிவகாமியைப் பற்றித் தேனாக ஒழுகிக்கொண்டிருந்தேன்.

புறப்படும்முன் நீலக் கதவு வீட்டுக்குப் போனேன். சண்முகம் வேலைக்குப் போயிருந்தார். மினா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாக்கியம் ஒரு ரம்புத்தான் பழத்தை உரிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். உரித்துக் கொடுத்தேன். பாதியைக் கடித்துவிட்டு மீதியை எனக்கே திருப்பித் தந்தாள்.

அப்போது காவடிபோல இரண்டு கூடைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சீனப் பெண் வந்து இறக்கினாள். கறுப்புக் கால்சட்டை, ஓலைத் தொப்பி. கீரை, பயற்றங்காய், வெள்ளரி. பாக்கியம் ஓடிப்போய்க் கூடைக்குள் கையை விட்டாள். அந்தப் பெண் திட்டவில்லை. ஒரு வெள்ளரிப் பிஞ்சைப் பொறுக்கி, தன் சட்டையிலேயே நன்றாகத் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள். சிறுமி அதைக் கடித்தபடி கோழியிடம் போய்விட்டாள்.

மினா மீனிலிருந்து கண்ணெடுக்காமல், மெல்லிய குரலில் மலாயில் சொன்னாள்: "பெற்றவள். பிள்ளைக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்."

கீரைக்காரி என்னை நோக்கி வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். நான் யார் என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வயதுதான் இருக்கும், முகம் மட்டும் வெயிலில் முற்றியிருந்தது. அவளுடைய மலாய் என்னுடையதைவிட உடைந்தது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை கையை ஓங்கிக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

"வரப்போகிறவள் அடிப்பாளா?"

காலையிலிருந்து எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன். இவளுக்கு மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யும் வரவில்லை, உண்மையும் எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதும்போல இருந்தது. கூடையிலிருந்து ஒரு பெரிய கட்டுக் கீரையை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, காவடியைத் தூக்கிக்கொண்டு அஞ்சடி வழியே போனாள். ஊருக்குப் போகிறவன் கீரைக்கட்டை என்ன செய்வது? கீழ்க்கடைப் பாயிடம் கொடுத்தேன். அவர் உடனே பருப்புப் போட்டுக் கடைந்து, சோறு போட்டுத்தான் என்னை அனுப்பினார். இத்தனை ருசியான கீரையை நான் வேறெங்கும் தின்றதில்லை.

கப்பல் நாகப்பட்டினம் வந்து சேரும்வரை எப்படிச் சொல்வது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை ஒன்றும் உதவவில்லை. அக்கா முதலில் சண்முகத்தின் சித்தப்பாவைச் சபித்தாள், பிறகு என்னைச் சபித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஊரு சிரிக்கும்டா. சீனாக்காரி பிள்ளைக்கு என் மவ ஆயா வேலை பாக்கணுமா?"

சிவகாமி அடுப்படி நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலம், மழை, கோப்பிக்கடை, சண்முகம் சொன்னது, சொல்லித் திருத்தியது, எதையும் விடாமல் சொன்னேன். கடைசியில் கீரைக்காரி கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"கேட்டுச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், சிவகாமி. வேணாம்னாலும் சொல்லு. உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. நாளைக்கே அந்தப் பையனுக்குத் தகவல் சொல்லிடறேன்."

அவள் உள்ளே போய் உலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அடிப்பேன்னு சொல்லுங்க, மாமா."

அக்கா அழுகையை நிறுத்தினாள்.

"சேட்டை பண்ணினா அடிப்பேன். என் பொண்ணை நான் அடிக்காம வேற யாரு அடிப்பா?"

அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தாள். ஆனால் அது முன்பிருந்த அழுகை இல்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, கல்யாணத்தை இங்கே வைப்பதா, அங்கே மாரியம்மன் கோயிலில் வைப்பதா என்று கேட்டாள்.

தை பிறந்து மூவரும் கப்பலேறினோம். அக்காவும் சிவகாமியும் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்க, நான் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சிவகாமி சொன்னதை அந்தக் கீரைக்காரிக்குத் தப்பாகப் புரிந்துவிடாதபடி மலாயில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.